நூறு வரை எண்ணினேன், மதினி

அன்று மழை விட்டிருந்தது. தண்ணீர் கலங்கிக் கிடந்ததால் கடலில் பாசி எடுக்க யாரும் போகவில்லை. முந்தின வாரம் மற்றப் பெண்கள் எடுத்த மரிக்கொழுந்துப் பாசியைத் தங்கச்சிமடம் கரையில் விரித்துப்போட்டு, அதில் கிடந்த கல்லையும் சிப்பியையும் பொறுக்கிக்கொண்டிருந்தேன். காலை பத்து மணி இருக்கும். என் வீட்டுக்காரர் கரையோரமாக நடந்து வந்தார். வலையைப் போட்டுவிட்டு அந்த நேரத்தில் என்னைத் தேடி வருகிற ஆள் இல்லை அவர். கையில் போன் இருந்தது. சுடுகிற சட்டியைப் பிடிப்பதுபோல அதை உடம்பைவிட்டுத் தள்ளிப் பிடித்திருந்தார்.

"அக்கா போயிருச்சு" என்றார்.

"எந்த அக்கா?" என்று கேட்டேன். அவருக்கு இருந்ததே ஒரு அக்காதான். தெரிந்தும் கேட்டேன். வேறு யாருடைய பெயரையாவது சொல்லிவிட மாட்டாரா என்று கேட்டேன்போல.

அந்த அக்காவை, என் சேசம்மா மதினியை, உங்கள் எல்லோருக்கும் தெரியும். கோயிலில் மூன்றாவது வரிசை, தூண் பக்கம். பாட்டை எல்லோருக்கும் முன்னால் தொடங்கி எல்லோருக்கும் பின்னால் முடிக்கிற குரல். முப்பதாம் நாள் பூசைக்கு இந்தச் சின்னப் புத்தகம் போடுகிறோம், நீதான் எழுத வேண்டும் என்று பாசிக்குப் போகிற பெண்கள் என்னிடம் சொன்னார்கள். நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். எனக்குத் தெரிந்த மாதிரி எழுதுகிறேன். மதினியைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததுதான் இதில் அதிகம் இருக்கும். தெரியாதது ஒன்று இருக்கிறது. அதையும் எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

கல்யாணமாகி வந்த இரண்டாம் மாதமே நான் மதினிக்கு ஜோடியாகப் பாசிக்குப் போக ஆரம்பித்தேன். வெளியூரிலிருந்து பூசைக்கு வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். வத்தை என்கிற சின்னப் படகில் தீவுப் பக்கம் போவோம். கண்ணாடி போட்டு, சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை மாட்டி, விரலில் துணி சுற்றிக்கொண்டு முங்குவோம். பாறையில் ஒட்டியிருக்கிற பாசியைப் பிடுங்கி இடுப்புப் பையில் போட்டு மேலே வருவோம். ஒருத்தி முங்கினால் அவளுடைய ஜோடி மேலே நின்று எண்ண வேண்டும். மதினி வைத்த கணக்கு நூறு.

"நூறுக்குள்ள நான் மேல வரலைன்னா யோசிக்காத. எறங்கி முடியப் பிடிச்சு இழு. வலிக்குமேன்னு பாக்காத. நான் கீழ இருந்து வேணாம்னு கைய ஆட்டுனாலும் இழு" என்பார்.

"கை ஆட்டுனா நல்லாத்தானே மதினி இருக்கீங்கன்னு அர்த்தம்?"

"கீழ இருக்குறவளுக்கு ஒன்னும் தெரியாது புள்ள. இன்னும் ரெண்டு பிடி பிடுங்கிட்டு வருவோம்னுதான் அவளுக்குத் தோணும். மேல இருக்குறவளுக்குத்தான் நேரம் தெரியும்."

ஒரு தடவை என் சேலை முந்தானை பவளப்பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டது. நான் பதறவில்லை. இப்போது விடுபட்டுவிடும், இப்போது விடுபட்டுவிடும் என்றே இழுத்துக்கொண்டிருந்தேன். மேலே மதினி நூறு எண்ணிவிட்டார். இறங்கி வந்து, கேட்காமல் கொள்ளாமல், என் கொண்டையைப் பிடித்து இழுத்த இழுப்பில் முந்தானை கிழிந்து பாதி பாறையோடு போனது. வத்தையில் ஏறியதும் வாந்தி எடுத்தேன். மதினி என் முதுகைத் தேய்த்துக்கொண்டே, "சேலை புதுசாடி? என் தம்பிகிட்ட நான் சொல்லிக்கிறேன். அவன் பொண்டாட்டி புதுசு, அதை விட்டுட்டு வரமுடியாதுல்ல" என்றார். வத்தையே சிரித்தது. இருபத்து மூன்று வருடம் அந்தக் கைக்குக் கீழேதான் முங்கினேன்.

மதினியின் மகன் சகாயம் போலந்து நாட்டில் லாரி ஓட்டுகிறான். ஆறு வருடமாகிறது. அங்கேயே வேலை பார்த்த தூத்துக்குடிப் பெண் ஜாஸ்மினைக் கட்டினான். அவளுக்கு இரண்டு பிள்ளை வயிற்றில் நிற்காமல் போனது. மூன்றாவது முறை தங்கியதும், அந்த நாட்டில் ஒரு மாதா கோயில் இருக்கிறது, மாதா நம்மைப் போலவே கறுப்பு என்று சகாயம் போனில் படம் காட்டினான். மதினி அந்த நிமிடமே நேர்ந்துகொண்டார். இந்தப் பிள்ளை எட்டாம் மாதத்தைத் தொட்டால் அங்கேயே வந்து முழங்காலில் பீடத்தைச் சுற்றுகிறேன் என்று. பிள்ளை எட்டைத் தொட்டது. சகாயம் அழைப்புக் கடிதம் அனுப்பினான்.

"தனியா வரமாட்டேன்டா" என்று மதினி போனில் சொன்னபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். "ஜோடி இல்லாம நான் எந்தத் தண்ணியிலயும் எறங்குனதில்ல. ஒங்க அத்தைக்கும் சேத்துப் போடு காகிதத்த."

"அம்மா, இது தண்ணி இல்லம்மா. பிளேன்."

"ரெண்டுலயும் கீழ தரை இல்ல. எல்லாம் ஒன்னுதான்."

இப்படித்தான் நான் போனேன். மதினியின் ஜோடி என்கிற ஒரே தகுதியில்.

நவம்பர் கடைசி. வார்சா விமான நிலையத்தின் கதவு தானாகத் திறந்ததும் உள்ளே வந்த காற்று காற்றாக இல்லை. மூக்குக்குள் ஊசி போனது. சகாயம் இருவருக்கும் முழங்கால் வரை நீளமான கோட்டு கொண்டுவந்திருந்தான். மதினி அதற்குள் ஏற்கெனவே பாசிக்குப் போடுகிற முழுக்கைச் சட்டையைப் போட்டிருந்தார். ஜாஸ்மின் அதைப் பார்த்துவிட்டு, "அத்தை, இது எதுக்கு?" என்று கேட்டாள். "இது உப்புல ஊறின சட்டை தாயி. இதுக்குள்ள குளிர் வராது" என்றார். அந்தச் சட்டையைப் பயணம் முழுக்க அவர் கழற்றவில்லை.

நான்கு நாள் லீவு போட்டு சகாயம் எங்களைக் காரில் கூட்டிக்கொண்டு போனான். அவனும் ஜாஸ்மினும் முன்னால், நாங்கள் இருவரும் பின்னால். வார்சாவை விட்டு வெளியே வந்ததும் இரண்டு பக்கமும் வெள்ளையாகக் கிடந்தது. மரத்தில் ஒரு இலை இல்லை. மதினி கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இடுப்பை அப்படியும் இப்படியும் அசைத்தார்.

"ஏலே சகாயம், சீட்டு சுடுதுடா. அடியில அடுப்பு வச்சிருக்கியா?"

"அது குளிருக்கும்மா. பட்டனை அமுக்கினா சூடாகும்."

"வண்டிக்கு அடுப்பு வைக்கிற ஊர்ல மனுசனுக்கு என்னடா வைப்பானுக? ஒன் மாமன்கிட்ட சொல்லாத. வத்தைக்கும் ஒன்னு வேணும்பான்."

முதலில் செஸ்டகோவா என்கிற ஊர். அங்கேதான் அந்த மாதா. மலைமேல் கோட்டை மாதிரி கோயில். உள்ளே இருட்டாக, மெழுகுவர்த்தி வாசனையாக இருந்தது. பீடத்தில் மாதா படம். முகம் கறுப்பு. கன்னத்தில் இரண்டு வெட்டுத் தழும்பு. எப்போதோ வாளால் வெட்டியதாம், எத்தனை முறை சாயம் பூசியும் அந்தத் தழும்பு திரும்பத் திரும்பத் தெரிந்துவிடுகிறதாம். சகாயம் சொன்னான். மதினி தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். பாறையில் கிழித்த கோடு ஒன்று அவருக்கும் உண்டு, உங்களுக்குத் தெரியும்.

"பாசிக்குப் போன மாதா புள்ள இவ" என்று என் காதில் சொன்னார்.

அங்கே பீடத்துக்குப் பின்னால் முழங்காலிலேயே சுற்றி வருகிற வழக்கம் அந்த ஊர்க்காரர்களுக்கும் இருக்கிறது. கல்தரை நடுவில் தேய்ந்து குழிந்திருந்தது. வெள்ளைக்காரக் கிழவிகளுக்கு நடுவே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மதினி முழங்காலில் போனார். ஒரு சுற்று நேர்ச்சைக்கு. இன்னொரு சுற்று எதற்கென்று கேட்டேன். "வட்டி" என்று சொல்லிச் சிரித்தார். அந்த நேரம் அவர் முகத்தில் ஒரு நோவும் இல்லை. இதை நான் சத்தியமாகச் சொல்வேன்.

அடுத்தது கிராக்கோவ். பெரிய சந்தைத் திடல், ஓரத்தில் உயரமான கோயில். மணிக்கு ஒருமுறை கோபுரத்தின் மேலிருந்து ஒருவர் எக்காளம் ஊதுகிறார். பாட்டு நல்ல ஏற்றத்தில் போகும்போதே சட்டென்று பாதியில் அறுந்துவிடுகிறது. முற்காலத்தில் பகைவர் வருவதைப் பார்த்து ஊரை எழுப்ப ஊதிய காவல்காரனுக்குத் தொண்டையில் அம்பு பட்டதாம். அவன் நிறுத்திய இடத்திலேயே இன்னும் நிறுத்துகிறார்களாம். மதினிக்கு அது பொறுக்கவில்லை. இன்னும் ஒரு மணி நேரம் குளிரில் நின்று மறுபடியும் கேட்டார். மறுபடியும் அறுந்தது.

"இத்தனை வருசத்துல ஒருத்தனுக்காவது முடிச்சுவைக்கத் தோணலியாடா?"

"அப்படித்தாம்மா வழக்கம்."

"நல்லா இருக்கு வழக்கம். சொல்ல வந்தத முழுசாச் சொல்லவிடாம."

மறுநாள் பக்கத்தில் இருந்த உப்புச் சுரங்கத்துக்குப் போனோம். உப்பு என்றதும் மதினிதான் போயே ஆகவேண்டும் என்றார். ஜாஸ்மின் வரவில்லை, மேலேயே உட்கார்ந்துகொண்டாள். மரப் படிகள் சுற்றிச் சுற்றிக் கீழே போகின்றன. மதினி வாய்விட்டு எண்ணிக்கொண்டே இறங்கினார். முந்நூறையும் தாண்டினார். கீழே, பூமிக்குள், ஒரு பெரிய கோயிலே உப்பில் குடைந்து வைத்திருந்தார்கள். உப்பில் மாதா, உப்பில் இயேசுவின் கடைசி இராவுணவு, தொங்கு விளக்கில்கூட உப்புக்கல். மதினி சுவரை நாக்கால் தொட்டுப் பார்த்தார்.

"நம்ம வாலிநோக்கம் உப்பளத்து உப்புக்குக் கால்தூசி பெறாது" என்றார். சகாயம் தலையில் அடித்துக்கொண்டு, "அம்மா, எல்லாரும் பாக்குறாங்கம்மா" என்றான்.

கோயிலைத் தாண்டி ஒரு சரிவில் ஏறும்போது மதினி என் கையைப் பிடித்தார். பிடி இறுகியது. திரும்பிப் பார்த்தேன். மற்றொரு கை நெஞ்செலும்பின் மேல் இருந்தது. உதடு வெளுத்திருந்தது.

"அமுக்குது புள்ள."

"என்ன மதினி, எங்கன?"

"நெஞ்சுலதான். ஒன்னுமில்ல. இம்புட்டு ஆழத்துக்கு எறங்கிருக்கோம்ல. அமுக்கத்தானே செய்யும்."

நான் நம்பினேன். இதைப் படிக்கிற படித்தவர்கள் சிரிப்பீர்கள், அல்லது திட்டுவீர்கள். ஆனால் பாசிக்குப் போகிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள், ஆழம் போனால் நெஞ்சு அமுங்கும், காது அடைக்கும், மேலே வந்தால் சரியாகிவிடும். இருபத்து மூன்று வருடமாக எங்கள் உடம்பு எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அது ஒன்றுதான். தண்ணீருக்குள் அமுக்குவது தண்ணீர் என்றும், சுரங்கத்தில் தண்ணீர் இல்லை என்றும் எனக்குத் தோன்றவில்லை. தண்ணீருக்குள்ளிருந்து வந்தவளுக்குச் செய்வதையே செய்தேன். உட்காரவைத்து முன்னால் குனியச் சொல்லி முதுகைத் தேய்த்தேன். மதினி, நாங்கள் கடலில் முங்கி மேலே வந்ததும் விடுகிற மாதிரி வாயைக் குவித்து விசிலடித்து மூச்சு விட்டார். முன்னால் போன சகாயம் திரும்பி வந்தான்.

"என்னம்மா?"

"உப்ப நக்குனேன்ல, கசக்குதுடா."

லிப்டில் மேலே வந்தோம். வந்ததும் வலி விட்டது. பார்த்தாயா என்பதுபோல மதினி என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நானும் தலையாட்டினேன்.

அங்கிருந்து வடக்கே ஒரு நாள் முழுக்கப் பயணம். க்டான்ஸ்க் என்கிற ஊர், கடலோரம். மதினிக்கு அந்தக் கடலைப் பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் அவருக்கு வழியில் வந்த ஊர்கள்தான். வழியெல்லாம் சகாயத்தின் லாரிக் கதைகளைக் கேட்டுக்கொண்டு, ஜாஸ்மினுக்குக் கருப்பட்டியும் சுக்கும் போட்டு பிளாஸ்கில் கலந்த காபியை ஊற்றிக் கொடுத்துக்கொண்டு வந்தார். "பொண்ணா இருந்தா நீச்சல் நான் பழக்குவேன், பையனா இருந்தா ஒன் மாமன் பழக்கட்டும்" என்றார். "அவன் பழக்கினா மூழ்கிரும், அதனால பொண்ணுதான் வேணும்" என்றார்.

கடல் சாம்பல் நிறமாக இருந்தது. அலை சின்னது. கரை மணலில் பனி கிடந்தது. கடல் மணலில் பனி கிடப்பதை நான் அன்றுதான் பார்த்தேன். மதினி குனிந்து கரையில் ஒதுங்கிய பாசியை எடுத்து முகர்ந்தார், கசக்கினார், "ஒன்னுக்கும் ஆகாது" என்று போட்டார். தண்ணீரை விரலால் தொட்டு வாயில் வைத்தார்.

"ஏ புள்ள, இதுல உப்பே இல்ல. எல்லாத்தையும் கொண்டுபோயி மண்ணுக்குள்ள பதுக்கிட்டானுக."

கொஞ்ச தூரத்தில் தண்ணீருக்குள் ஐந்தாறு பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். தலையில் கம்பளித் தொப்பி, கழுத்து வரை கடல். என்னால் நம்ப முடியவில்லை. மதினிக்கு முகம் மலர்ந்தது.

"பாத்தியா, இங்கனயும் பொம்பளைகதான் தண்ணிக்குள்ள நிக்கிறாளுக. ஆம்பளை கரையில நின்னு போட்டோ எடுக்குறான். ஆனா கையில பையக் காணுமே, எத எடுக்குறாளுக?"

"ஒன்னும் எடுக்கலம்மா. உடம்புக்கு நல்லதுன்னு சும்மா எறங்குறாங்க."

"சும்மாவா? வேலை இல்லாம எவளாச்சும் கடல்ல எறங்குவாளா?"

அதில் ஒரு பெண் எங்களைப் பார்த்துக் கையசைத்தாள். வா என்று கூப்பிட்டாள். அவ்வளவுதான். மதினி செருப்பையும் காலுறையையும் கழற்றிவிட்டு, சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிவிட்டார். சகாயம் "அம்மா! அம்மா!" என்று கத்தினான். அவர் முழங்கால் தண்ணீரில் போய் நின்று அந்தப் பெண்களைப் பார்த்துக் கும்பிட்டார். அவர்கள் கைதட்டினார்கள். மதினி திரும்பி என்னைப் பார்த்தார். நான் கரையில் நின்று, பழக்கத்தில், எண்ணிக்கொண்டிருந்தேன். இருபத்தொன்பது வரை எண்ணியதும் அவரே வெளியே வந்தார்.

காருக்குள் கொண்டுவந்து காலைத் துண்டால் சுற்றினோம். சகாயம் சூடாக ஏதாவது வாங்கி வருகிறேன் என்று போனான். ஜாஸ்மின் கழிப்பறைக்குப் போனாள். நாங்கள் இருவர் மட்டும். மதினி சீட்டில் சாய்ந்தார். மறுபடியும் அந்தக் கை நெஞ்சுக்குப் போனது. இந்தத் தடவை இடது தோளைப் பிடித்துக்கொண்டார். தாடையைப் பிடித்துக்கொண்டார். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. வெளியே பனி. காருக்குள் இன்னும் சூடு ஏறவில்லை. கைக்குட்டையால் துடைத்தேன். துடைக்கத் துடைக்க வந்தது. அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. இது ஆழமில்லை.

"மதினி, சகாயத்தக் கூப்பிடுறேன்."

என் மணிக்கட்டைப் பிடித்தார். "கூப்பிடாத."

"இந்தக் குளிர்ல வேர்க்குது மதினி!"

"வேர்த்தா வேர்க்கட்டும். இப்ப சொன்னா என்ன ஆகும் தெரியுமா? ஆஸ்பத்திரியில போடுவான். அப்புறம் பயந்துபோயி என்னைய ஊருக்கு ஏத்திவிட்ருவான். மூணாவது புள்ள இது. அது மொகத்தப் பாக்காம நான் போகமாட்டேன்."

"ஒன்னு ஆயிருச்சுன்னா?"

"ஆகாது. பொறக்கட்டும். பொறந்ததும் நானே வாரேன், மதுரையில போயி ஒன்கூட உக்காந்து டாக்டர்கிட்ட காட்டுறேன். கறுத்த மாதா மேல சத்தியம் பண்ணு, சொல்லமாட்டேன்னு."

கண்ணாடிக்கு வெளியே சகாயம் இரண்டு கையிலும் காகித டம்ளரோடு வந்துகொண்டிருந்தான். பனியில் வழுக்காமல் இருக்கச் சின்னப் பிள்ளைபோல அடிமேல் அடி வைத்து வந்தான். வேகமாக யோசிக்கிற புத்தி எனக்கு இல்லை. மதினி விரித்த கையில் என் கையை வைத்தேன்.

கதவைத் திறந்து, "என்ன ரெண்டு பேரும் கையப் பிடிச்சுக்கிட்டு?" என்றான்.

"ஒங்க அத்தைக்குக் குளுருதாம்டா" என்றார் மதினி.

அதன்பிறகு நான் அங்கே இருந்தது ஆறு நாள். மொழி தெரியாது. யாரைக் கூப்பிட எந்த எண்ணை அமுக்க வேண்டும் என்று தெரியாது. தெரிந்த ஒருவனிடம் சொல்லக் கூடாது. கருப்பட்டிக் காபி போட்டேன். தேங்காயெண்ணெய் காய்ச்சி முதுகில் தேய்த்தேன். படிக்கட்டு ஏறும்போது பின்னால் நடந்தேன். வேறு என்ன செய்தேன்? ஒன்றுமில்லை. என் வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை என்று போன் வந்ததால் நான் முதலில் திரும்ப வேண்டியதாயிற்று. விமான நிலையத்தில் சகாயம் என் பெட்டியை வாங்கி எடை பார்க்கிற தட்டில் வைத்தான். "அத்தை, எதாவது மறந்துட்டீங்களா?" என்று கேட்டான். என் வாய் திறந்தது. மதினி அவன் தோளுக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீருக்கு அடியிலிருந்து வேண்டாம் என்று கையை ஆட்டுகிற பார்வை அது.

"அம்மாவப் பாத்துக்கய்யா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

மதினி என்னைக் கட்டிக்கொண்டு, "நான் வர்றவரைக்கும் தண்ணியில எறங்காத. வேற எவகூடயும் ஜோடி போட்ட, முடியப் பிச்சுருவேன்" என்றார்.

ஊருக்கு வந்து நாட்களை எண்ணினேன். பிள்ளை பிறக்க இன்னும் இத்தனை நாள் என்று. பதினொன்றாம் நாள்தான் என் வீட்டுக்காரர் கரையில் நடந்து வந்தார். அதற்கு முந்தின நாள் மதினி வீடியோவில் பேசினார். வாசலில் விழுந்த பனியை விளக்குமாற்றால் பெருக்கியதாகச் சொன்னார். "வாசல் பெருக்காம எப்படி புள்ள இருக்குறது?" என்று கேட்டார். கை கொஞ்சம் கடுக்கிறது என்றார். எந்தக் கை என்று கேட்டேன். "ரெண்டு கையாலதான பெருக்குனேன்" என்று சிரித்தார்.

உடம்பை இங்கே கொண்டுவர முடியவில்லை. ஜாஸ்மினுக்கு நிறைமாதம், அவளை விட்டுவிட்டு சகாயத்தால் வரமுடியாது. அங்கேயே அடக்கம் செய்தார்கள். என் வீட்டுக்காரரும் நானும் எங்கள் வீட்டில் கட்டிலில் உட்கார்ந்து போனில் பார்த்தோம். வீடு நிறையச் சனம், எல்லோரும் ஒரு சின்னக் கண்ணாடியை எட்டிப் பார்த்தார்கள். குழியை மெஷின் வைத்துத் தோண்டியிருந்தார்கள். சாமியார் அவர்கள் மொழியில் செபித்தார். வந்திருந்தவர்கள் பத்துப் பேர். அழுது பாட அங்கே ஆள் இல்லை. சகாயம் போனைப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். "அத்தை, பேசுங்க. அம்மாகிட்ட எதாவது பேசுங்க" என்றான். ஊரே என் வாயைப் பார்த்தது. எந்தச் சாவு வீட்டிலும் முதலில் குரலெடுக்கிறவள் நான். எனக்குக் குரல் வரவில்லை. பெட்டிமேல் பனி விழும் சத்தம்கூடக் கேட்காத அந்த அமைதியைத்தான் என் மதினிக்கு நான் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து சகாயம் என் போனுக்கே கூப்பிட்டான்.

"அத்தை, டாக்டர் கேட்டாரு. இதுக்கு முன்னாடி வலி வந்துச்சான்னு. இல்லன்னு சொன்னேன். வந்துச்சா?"

"வந்துச்சு. ரெண்டு தடவ."

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்யா."

போனில் அவனுக்குப் பின்னால் ஏதோ வண்டி போகிற சத்தம் கேட்டது. "சரி அத்தை" என்று சொல்லி வைத்துவிட்டான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசவில்லை. புது வருடம் பிறந்து நான்காம் நாள் பெண்பிள்ளை பிறந்தது. படம் அவன் மாமனுடைய போனுக்கு வந்தது. நல்ல கறுப்பு. நெற்றி மதினியுடையது.

இதை ஏன் இந்தப் புத்தகத்தில் எழுதுகிறேன் என்று சிலர் வருத்தப்படலாம். நல்லதை மட்டும் எழுத வேண்டிய இடம் இது. மதினியிடம் நல்லதுதான் இருந்தது. தப்பு கீழே இருந்தவருடையது இல்லை, மேலே நின்றவளுடையது. கீழே இருப்பவளுக்கு நேரம் தெரியாது என்று அவரே எனக்குச் சொல்லியிருந்தார். வேண்டாம் என்று கையை ஆட்டினாலும் இழு என்று சொல்லியிருந்தார். அந்தக் கோபுரத்துக் காவல்காரனாவது பாதி வரை ஊதினான். சத்தியம் பெரிதா, அவர் வைத்த கணக்கு பெரிதா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. மாதாவிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

நான் வைத்திருப்பது மதினியின் முங்குகிற கண்ணாடி. முழுக்கைச் சட்டையை அவரோடேயே வைத்துவிட்டதாக ஜாஸ்மின் சொன்னாள். அதற்குள் குளிர் வராது என்று அவர் சொன்னதை அவள் நினைவு வைத்திருக்கிறாள்.

போன வாரம் தண்ணீர் தெளிந்தது. பாசிக்குப் போனோம். மதினி பேச்சை மீறித்தான் போனேன். வத்தையில் எனக்கு ஜோடியாக உட்கார்ந்தவள் என் பக்கத்து வீட்டு மேரி. முங்கப் போகும்போது, "அக்கா, சேசம்மா மதினி கணக்குதான? நூறா?" என்று கேட்டாள்.

"எண்பது" என்றேன்.

"என்னக்கா, ரெண்டு பிடிகூடப் பிடுங்க முடியாதே."

"எண்பதுல இழுத்துருவேன். வலிக்கும். கைய ஆட்டுனாலும் இழுப்பேன். என்கிட்டச் சத்தியம் எதுவும் கேக்காத."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கினாள். நான் மதினியின் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, வத்தை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு எண்ணத் தொடங்கினேன்.